சுரண்டுற வேலைக்கு அவசரம் ஆகாது!

சென்னையிலிருந்து தெற்கே போகிற கார்களுக்குத் திண்டிவனமும் விழுப்புரமும் தவிர்க்க முடியாத ஊர்கள். திருவண்ணாமலை, புதுச்சேரி பக்கம் போகிறவர்கள் திண்டிவனத்தில் பிரிவார்கள். திருச்சி போகிறவர்கள் விழுப்புரத்தைத் தொட்டாக வேண்டும். இடைப்பட்ட சுமார் 40 கிலோமீட்டரில் கார் மக்கர் செய்தால், அகப்பட்ட பட்டறையில் நிறுத்திவிட்டு எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ‘எவ்வளவு நேரம் ஆகும்ணே?’

சில வேலைகளில் அந்தக் கேள்வியே வில்லங்கம். அதில் ஒன்று, எக்ஸாஸ்ட் பேக்கிங் மாற்றுவது.

இன்ஜின் ஹெட்டுக்கும், புகையை வாங்கி சைலன்சருக்கு அனுப்பும் மேனிஃபோல்டுக்கும் நடுவே இருக்கும் தகடுதான் இந்த பேக்கிங். கேஸ்கெட் என்றும் சொல்வார்கள். அது போய்விட்டால், காலையில் முதல் ஸ்டார்ட்டில் ‘டிக் டிக்’ என்று சத்தம் வரும். வண்டி சூடானதும் உலோகம் விரிந்து இடைவெளி அடைபடுவதால் சத்தம் குறையும். ‘சரியாகிவிட்டது’ என்று நாமும் விட்டுவிடுவோம். ஆனால், கசிவு அங்கேயேதான் இருக்கும்.

கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரம் வழியாக அது கேபினுக்குள் வரலாம். பயணத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால், ‘பித்தம்’ என்று எலுமிச்சம்பழத்தை முகராதீர்கள். வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு, எல்லோரும் வெளியே இறங்குங்கள். மயக்கம் தெளியவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சரி, மாற்றுவதில் என்ன சிரமம்? பல வருடங்கள் வெந்த பழைய பேக்கிங், உலோகத்தோடு உலோகமாக ஒட்டிக்கொண்டிருக்கும். சின்ன கார்கள் சிலவற்றில் மேனிஃபோல்டு டேஷ்போர்டு பக்கச் சுவரை ஒட்டி இருக்கும். கையே நுழையாது. முகம் பார்க்கும் கண்ணாடியை உள்ளே நீட்டியோ, செல்போன் கேமராவில் பார்த்தோதான் வேலை செய்ய வேண்டும்.

முதலில் இன்ஜின் முழுசாக ஆற வேண்டும். சூட்டோடு துரு நீக்கும் ஸ்பிரே அடித்தால் தீப்பிடிக்கலாம். ஆறிய பிறகு நட்டுகளில் அடித்து ஊறவிட வேண்டும். முதல் நாள் இரவே அடித்துவைத்தால் உத்தமம். இறுகிய நட்டை முரட்டுத்தனமாகத் திருப்பினால் ஸ்டட் உள்ளேயே முறிந்துவிடும். பிறகு அரை நாள் வேலை இரண்டு நாளாகும்.

மேனிஃபோல்டைக் கழற்றியதும், புகைத் துளைகளைத் துணியால் அடைத்துவிட்டுத்தான் சுரண்ட வேண்டும். கடைசியில் அந்தத் துணியை எடுக்கவும் மறக்கக் கூடாது. பெரும்பாலான கார்களில் ஹெட் அலுமினியம் என்பதால், உளியும் சுத்தியலும் வேண்டாம். பித்தளை அல்லது பிளாஸ்டிக் சுரண்டி போதும். கிரைண்டரில் தேய்த்தால் பள்ளம் விழும். அந்தப் பொடி இன்ஜினுக்குள்ளும் போகும். பள்ளம் விழுந்த இடத்தில் புது பேக்கிங் போட்டாலும் மறுபடி கசியும். சாதாரண சிலிக்கான் பசை தடவி ஒப்பேற்றினால், எக்ஸாஸ்ட் சூட்டில் கருகிப்போகும்.

இன்னொரு விஷயம், மெக்கானிக்கின் நுரையீரல். பழைய வண்டிகளின் பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். பார்த்தெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. அதன் எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில், தொழிலாளியின் ஆரோக்கியம் உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாலையோரப் பட்டறையில் குனிந்து வேலை செய்கிறவருக்கும் அதே நுரையீரல்தானே? பழைய வண்டி என்றால் உலர்வாகச் சுரண்டக் கூடாது. ஈரப்படுத்தித்தான் சுரண்ட வேண்டும். ஏர் அடித்துத் தூசியைப் பறக்கவிடக் கூடாது. நல்ல முகக்கவசமும் அவசியம்.

இதெல்லாம் பெரும்பாலான மெக்கானிக்குகளுக்குத் தெரியும். தெரிந்தும் உளியைக் கையில் எடுக்க வைப்பது, பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்க்கும் நாம்தான். அடுத்த முறை, ‘எவ்வளவு நேரம் ஆகும்?’ என்பதற்குப் பதிலாக, ‘பொறுமையா பாருங்கண்ணே, நாங்க சாப்பிட்டு வர்றோம்’ என்று சொல்லிப் பாருங்கள். அந்த காரில் போகப்போவது உங்கள் குடும்பம்தான்.