'கே' என்பவர் யார்?

ரேஷன் கார்டை எடுத்துப் பார்க்கிறீர்கள். அப்பா, அம்மா, நீங்கள், தங்கை. ஐந்தாவதாக முன்பின் தெரியாத ஒருவர் பெயர். போன வாரம் சர்க்கரை வேறு வாங்கியிருக்கிறார்! வயிற்றில் என்ன கலக்கும்? இன்டர்நெட் கணக்குகளில், 'நீங்கள் லாகின் செய்துள்ள சாதனங்கள்' என்ற பட்டியலை முதன்முதலாகத் திறந்து பார்க்கிறவருக்கு அதே கலக்கம்தான்.

ஈரோட்டு நண்பர் ஒருவர் ராத்திரி பதினொரு மணிக்கு போன் செய்தார். ''சார், என் அக்கவுன்ட்டுக்குள்ள எவனோ பூந்துட்டான். பேரு 'கே'யாம். ஆண்ட்ராய்டு 10 வச்சிருக்கான். சென்னைல உட்கார்ந்திருக்கான்!''

''எத்தனை மணிக்கு வந்தானாம்?''

''சாயந்திரம் ஆறே காலுக்கு.''

''நீங்க ஆறே காலுக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்க?''

கொஞ்ச நேரம் மௌனம். ''போன்ல அதே சைட்டைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்...''

'கே' வேறு யாருமில்லை, அவரேதான். 2023-லிருந்து ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் க்ரோம் பிரௌசர், போகிற இடத்திலெல்லாம் போனின் உண்மையான மாடலைச் சொல்வதில்லை. எந்தப் போனாக இருந்தாலும் 'ஆண்ட்ராய்டு 10, கே' என்று ஒரே பெயரைக் கொடுத்துவிடுகிறது. உங்களை யாரும் அடையாளம் கண்டு பின்தொடரக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். அதேபோல விண்டோஸ் 11 கம்ப்யூட்டரும் பல இடங்களில் 'விண்டோஸ் 10' என்றே தலைகாட்டும். ஊர் பெயரையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஐ.பி. முகவரியை வைத்துப் போடும் உத்தேசக் கணக்கு. ஈரோட்டில் இருக்கிற மொபைல் போன் சென்னை என்று காட்டுவது சர்வ சாதாரணம்.

அப்படியானால் பயப்படவே வேண்டாமா? அதுதான் இல்லை.

பி.காம். படித்தவர்களுக்கு இது புது வித்தையே அல்ல, பேங்க் ரீகன்சிலியேஷன்தான். பாஸ் புத்தகத்தையும் கேஷ் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு என்ட்ரியாக டிக் அடிப்போமே, அதேபோலப் பட்டியலை எடுத்துக்கொண்டு நாள், நேரம், சாதனம் மூன்றையும் பாருங்கள். இது என் போன், டிக். இது ஆபீஸ் கம்ப்யூட்டர், டிக். இது வீட்டு டி.வி., டிக். மிஞ்சுவதை மட்டும் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. அன்றைக்கே தீர்க்க வேண்டும்.

மிஞ்சுவது பெரும்பாலும் பழைய நீங்கள்தான். போன தீபாவளிக்கு எக்ஸ்சேஞ்சில் கொடுத்த போன். வேலையை விட்டுவிட்டு வந்த கம்பெனியின் கம்ப்யூட்டர். எல்லாவற்றுக்கும் மேலாக, தெருமுனை ஜெராக்ஸ் கடை! ஆதார் காப்பி எடுக்கப் போகிறோம். ''அண்ணே, வாட்ஸ்அப் வெப் ஓபன் பண்ணிக்கட்டுமா?'' என்று கேட்டு, கட்டத்தை ஸ்கேன் செய்கிறோம். பிரின்ட் வருகிறது. பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்கிறோம். லாக் அவுட்? அதை யார் செய்தது? உங்கள் குடும்ப குரூப்பும், மேனேஜரைப் பற்றி நண்பனுக்கு அனுப்பிய பொன்மொழிகளும் அங்கே மானிட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்.

வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கோடு நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம். 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தில் அத்தனையும் தெரியும். தெரியாததைத் தொட்டு லாக் அவுட் கொடுத்தால் ஆயிற்று. ஸ்கேன் செய்யாமல், எட்டு எழுத்துக் குறியீட்டை போனில் டைப் செய்தும் இணைக்கலாம். ஆகவே, ''ஒரு கோடு சொல்றேன், உங்க வாட்ஸ்அப்ல போடுங்க'' என்று எவராவது தேனாகப் பேசினால் போனை வைத்துவிடுங்கள். அவர் கேட்பது உங்கள் வீட்டுச் சாவி.

சரி, நிஜமாகவே வேறு ஆள்தான் என்று தெரிந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில், நீங்கள் நம்பும் உங்கள் சொந்த போனிலிருந்து அந்த ஆளை வெளியேற்றுங்கள். அடுத்து, பாஸ்வேர்டை மாற்றுங்கள். சில பேர் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். தியேட்டரில் இன்டர்வெல்லுக்கு வெளியே போகிறவருக்கு ஒரு பாஸ் கொடுப்பார்களே, அதுபோல, ஒரு தடவை லாகின் செய்தவருக்கு 'குக்கி' என்ற பாஸ் தரப்படுகிறது. அது கையில் இருக்கும்வரை பாஸ்வேர்டை யாரும் கேட்பதில்லை. பாஸ்வேர்டை மாற்றினால் பழைய பாஸ்கள் செல்லாமல் போவதும் போகாததும் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசப்படும். ஆகவே இரண்டையும் செய்வதே உசிதம்.

மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். வந்தவர் போகும்போது கொல்லைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கலாம். கணக்கை மீட்க நீங்கள் கொடுத்த போன் நம்பரும் ஈமெயிலும் உங்களுடையதாகவே இருக்கிறதா? ஜிமெயிலில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் பாருங்கள். உங்களுக்கு வரும் கடிதமெல்லாம் கமுக்கமாக இன்னொரு விலாசத்துக்கும் ஒரு பிரதி போய்க்கொண்டிருக்கலாம். கடைசியாக இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். பணம் போயிருந்தால் யோசிக்காமல் 1930-க்கு போன். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் பணம் கைமாறும் நிமிஷம்.

இன்னொரு விஷயம். 'தெரியாத சாதனம் நுழைந்துவிட்டது, உடனே இங்கே அழுத்துங்கள்' என்று வரும் ஈமெயிலே திருடன் அனுப்பியதாக இருக்கலாம். கடிதத்தில் இருக்கும் இணைப்பைத் தொடாமல், நீங்களாக அந்தக் கணக்குக்குள் போய்ப் பாருங்கள். உண்மையென்றால் அங்கேயும் தெரியும்.

பாஸ்வேர்டு திருட்டுக்கு வயசு கிட்டத்தட்ட பாஸ்வேர்டின் வயசுதான். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பல பேர் ஒரே கம்ப்யூட்டரைப் பங்கு போட்டுக்கொண்ட காலம். 1962-ல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை என்று, எல்லோருடைய பாஸ்வேர்டு பட்டியலையும் அந்தக் கம்ப்யூட்டரை வைத்தே அச்சடித்து எடுத்துக்கொண்டார். பல வருஷம் கழித்து அவரே சொல்லித்தான் வெளியே தெரிந்தது. கவனியுங்கள், அவர் வெளியூர்த் திருடர் இல்லை. பக்கத்து மேஜைக்காரர்!

இங்கேதான் இளைஞர்களிடம் ஒரு வார்த்தை. பல கணக்குகளில் இருக்கும் தெரியாத ஆள், ரொம்பத் தெரிந்த ஆள்தான். நிச்சயமான பெண்ணின் போனைக் கொஞ்ச நேரம் வாங்கி, அவள் காபி கலக்கப் போன இடைவெளியில் தன் லேப்டாப்போடு இணைத்துக்கொள்கிறான் ஒருவன். கேட்டால், ''அக்கறைங்க'' என்பான். தங்கையின் இன்ஸ்டாகிராமுக்குக் காவல் இருக்கும் அண்ணன்களும் உண்டு. அடுத்தவர் பாஸ்வேர்டை நேர்மையற்ற முறையில் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். சட்டம் கிடக்கட்டும். ஒரு நாள் அவள் அந்தப் பட்டியலைத் திறப்பாள். பரிச்சயமான லேப்டாப், பரிச்சயமான நேரம். அப்புறம் அந்த வீட்டில் காபி கிடைக்காது.

ஆகவே, இன்றைக்கு ராத்திரி உங்கள் பட்டியலைத் திறந்து டிக் அடியுங்கள். முடித்த கையோடு, வேறு யாருடைய பட்டியலிலாவது 'கே'யாக நீங்கள் உட்கார்ந்திருந்தால், மரியாதையாக எழுந்து வந்துவிடுங்கள்.