பட்டப்பின் படிப்பும் ஓவியனின் சீவியமும்

மன்னார் உப்புக்குளத்தில் ஒரு பிள்ளைக்குச் சித்திரத்திற் கெட்டித்தனம் உண்டென்று தெரியவந்தால், பெற்றார் முதலிற் கேட்பது, இதைப் படித்தால் நியமனம் கிடைக்குமா என்பதையே. ஒருநாள் கொடுத்து மறுநாள் கைவிரிக்கும் கடலைப் பரம்பரையாக நம்பி வாழ்ந்த குடும்பங்கள் மாதம் தவறாத சம்பளத்தை விரும்புவதில் யாதொரு குற்றமும் இல்லை. ஆயினும், சித்திர ஆசிரியர் நியமனத்தோடு கலைக்கல்வி பூர்த்தியாகிவிடுகிறது என்றும், அதற்குமேல் ஒருவர் பட்டப்பின் படிப்பை நாடினால் அது சம்பள உயர்வுக்கான உபாயமே என்றும் நம்மிடையே வேரூன்றிவிட்ட அபிப்பிராயம், தூரிகையை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்ட பட்டதாரிகளைப் பெருக்குகிறதேயன்றி ஓவியர்களைப் பெருக்கவில்லை.

இந்த அபிப்பிராயம் பிழையென்பதற்கு ஓர் உதாரணம்: 2005 மே முதல் 2007 ஒக்டோபர் வரை இலங்கை ஓவியர் நால்வர், தபாலில் ஒருவருக்கொருவர் சித்திரம் அனுப்பி, வந்த சித்திரத்துக்குச் சித்திரத்தாலேயே மறுமொழி வரைந்து, 208 சித்திரங்களைச் சேர்த்தனர். அவர்களுள் தா. சனாதனன் யாழ்ப்பாணத்தில் இருந்தார். 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கான ஏ-9 பாதை மூடப்பட்டபின்னரும் அந்தச் சம்பாஷணை முறியவில்லை. அந்நால்வருள் மூவர் பட்டப்பின் கலைக்கல்வி பெற்றவர்கள்: சந்திரகுப்த தேனுவர மொஸ்கோவிலும், ஜகத் வீரசிங்க வாஷிங்டனிலும், சனாதனன் டில்லியிலும் பயின்று திரும்பினர். தூரதேசத்திற் கற்றதை இந்நாட்டின் துன்பத்தின்மேல் அவர்கள் பிரயோகித்தார்கள். சோதனைச் சாவடிகளில் அடுக்கிவைத்த தார்ப் பீப்பாய்களையே தேனுவர 1997இல் தமது கலைக்குப் பொருளாக்கினார். மன்னாரின் தள்ளாடிச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் கையிற் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களுக்கு அந்தப் பீப்பாய்களை யாரும் வருணிக்க வேண்டியதில்லை.

என் மனத்தை இவற்றினும் ஆழமாகத் தொட்டது, 2011இல் வெளிவந்த சனாதனனின் நூல். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் காணிகளைப் பதிந்துவைத்த தோம்பின் பெயரையே தாங்கி, நிறைவுறாத தோம்பு என்று பொருள்படும் தலைப்போடு வந்த அந்நூலுக்காக, இடம்பெயர்ந்த தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் அவர் சென்று, விட்டுவந்த வீட்டின் நிலப்படத்தை ஞாபகத்திலிருந்து வரைந்து தரும்படி கேட்டார். வரைந்து பழகாத கை இழுத்த கோணற் கோடுகளும், அவற்றையே அளவுப் பிரமாணத்தோடு திருத்தி வரைந்த கட்டடக்கலைப் படமும், அதே வீட்டைப் பற்றி ஓவியர் உலர்வண்ணத்தில் வரைந்த சித்திரமும் அடுத்தடுத்து வரும்போது, இழந்த வீடு மூன்று முறை நம் கண்முன் எழுகிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, மன்னார்த் தீவிலிருந்து வள்ளமேறிப் புத்தளக் கரைக்குப் போன முஸ்லிம் குடும்பங்களும், அதே யுத்தத்தில் ஊர் ஊராக அலைந்த தமிழ்க் குடும்பங்களும் இன்று அடுத்தடுத்து வாழும் உப்புக்குளத்தில், இத்தகைய நிலப்படம் இல்லாத மனம் ஏது? கைவேகம் மாத்திரம் உள்ளவருக்கு இத்தகைய நூல் கைகூடியிராது. ஏன் இந்தக் கோடு, ஏன் இந்தக் காகிதம், யாருடைய கதையை யார் வரைவது என்று ஆசிரியரும் சகபாடிகளும் ஓயாமற் கேட்டு, பதில் சொல்லாமல் விடாத அப்பியாசமே பட்டப்பின் படிப்பின் சாரம் என்பது என் துணிபு.

ஓவியம் விற்ற பணத்தில் மாத்திரம் இவர்கள் சீவித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தேனுவர கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகத்திலும், சனாதனன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தனர். வீரசிங்க தொல்லியலிலும் உத்தியோகம் பார்த்தார். முதுமாணிப் பட்டம் அந்தக் கதவுகளைத் திறக்க உதவுவது பிரத்தியட்சம். எனவே, நியமனத்தை நாடும் பெற்றாருக்கும் இப்படிப்பு விரோதியன்று. கற்பிப்பதும் கலைக்கு விரோதமன்று: குருநகரில் 1933இற் பிறந்து 2000இல் மறைந்த மாற்கு மாஸ்டர், பாடசாலைச் சித்திர ஆசிரியராகவே இருந்துகொண்டு தாமும் வரைந்தார், ஒரு தலைமுறையையும் வரைய வைத்தார், சனாதனனும் அவரிடம் பயின்றவரே. இடப்பெயர்வில் மாற்குவின் ஓவியங்கள் பல அழிந்துபோயின. அவர் விதைத்தது அழியவில்லை.

ஆனால் மாற்குவைப் போன்ற மனவுறுதி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை; ஆகையால் ஏற்பாடுகள் வேண்டும். சித்திரத்திற் பட்டம் பெற்ற ஆசிரியர் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தால், வலயக் கல்வி அலுவலகம் சம்பளத்துடன் கூடிய விடுமுறையைத் தாமதமின்றி வழங்கவேண்டும். முதுமாணி ஆய்வைக் கட்டுரையாக மாத்திரம் அன்றி, வரைந்து காட்சிக்கு வைத்த படைப்பாகவும் தமிழிற் சமர்ப்பிக்க யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உள்ள பல்கலைக்கழகங்கள் இடங்கொடுக்கவேண்டும். திரும்பி வருபவர்களுக்கு, பெரிய சீலையை விரிக்கவும் ஈரம் காயும்வரை விட்டுவைக்கவும் போதிய ஓர் அறை மன்னார் நகரில் வேண்டும். பாவனையற்றுக் கிடக்கும் பொதுக்கட்டடம் ஒன்றை நகரசபை இதற்கென ஒதுக்கி, ஆண்டுக்கு இரண்டு மூன்று படைப்புகளையேனும் நியாய விலைக்கு வாங்கி, பொதுநூலகச் சுவரில் மாட்டுமானால், உப்புக்குளத்துப் பெற்றாரின் கேள்விக்கு நாம் நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.