டேப் ஒட்டினால் சத்தம் போகுமா?

ட்ரம்ஸ் செட்டில் எங்கேயோ ‘கிர்ர்’ எண்டு ஒரு சத்தம் வந்தால், நம்மட பிள்ளைகள் முதலில் தேடுவது டேப்பைத்தான். தோலில் ரெண்டு துண்டு ஒட்டிப் பார்ப்பார்கள். கிர்ர் போகாது, ட்ரம்மின் நல்ல ஒலிதான் செத்துப்போகும். அடுத்த பேச்சு: “இது சரிவராது, புது செட் எடுக்கணும்.”

இந்தப் பேச்சோடுதான் எனக்கு வழக்கு. சித்தாண்டியில் ஒரு கழகமோ இசைக்குழுவோ புது செட் எடுப்பது லேசான காரியமா? காசு சேர்த்து வாங்கின செட் மூலைக்குப் போனால், அதில் பழக இருந்த நாலைந்து பிள்ளைகளின் கையும் அதோடு நிண்டுபோகும். அதுவும் ஒரு நட்டுக்காக!

நம்மட கூத்து மத்தளத்தைப் பாருங்க. ஒரு மரம், ரெண்டு தோல், இழுத்துக் கட்ட வார். கிலுங்குவதற்கு அதில் ஒண்டும் இல்லை. ட்ரம்ஸ் செட் அப்படியில்லை. 1909 இல் சிகாகோவில் லுட்விக் சகோதரர்கள் வேகமாக மிதிக்கக்கூடிய பெடலை விற்கத் தொடங்கினார்கள். ஒராளே எல்லா ட்ரம்மையும் அடிக்கும் வழக்கத்துக்கு அது பெரிய துணை. பிறகு டொம், சிம்பல் எல்லாம் இரும்புக் கால்களில் ஏறின. நட்டுகள் கூடின, கிலுங்கும் இடங்களும் கூடின. அடிக்க அடிக்க நட்டு தானாகவே தளரும். நம்மட ஊரில் உப்புக்காற்றும் மாரி ஈரமும் சேர்ந்து கறளையும் கொண்டுவரும்.

கண்டுபிடிக்கும் வழி சுலபம். ஒராள் ஒரே ட்ரம்மை ஒரே சீராக அடிக்கணும். மற்றாள் நட்டு, கால், பிடி என்று ஒவ்வொண்டாக விரலால் அழுத்திப் பிடிக்கணும். எதைப் பிடித்ததும் சத்தம் நிற்குதோ, அதுதான் கள்ளன்.

கள்ளனுக்கு ஏற்றபடி மருந்து. சிம்பலின் ஓட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழாய் தேய்ந்திருந்தால், மோட்டார் சைக்கிள் பெற்றோல் குழாயில் பொருந்துகிற அளவாக ஒரு துண்டு வெட்டிப் போடலாம். இரும்பும் இரும்பும் உரசும் இடத்தில் பழைய சைக்கிள் ரியூப் துண்டு போதும். கறள் பிடித்த மரையைத் துடைத்து ஒரு துளி எண்ணெய் விடுங்க. பழைய செட்டுகளில், தோலை இறுக்கும் கம்பி போய்ப் பூட்டுகிற உலோகக் கூட்டுக்குள் ஒரு சுருள்வில் இருக்கும். அது தன்பாட்டில் பாடும். கழற்றிக் கொஞ்சம் பஞ்சு அடைத்தால் அடங்கிவிடும். ஒண்டு மட்டும் கவனம்: சத்தத்தில் கோபப்பட்டு நட்டை முறுக்கித் தள்ளாதீங்க. மரை போனால் பிறகு மெய்யாகவே காசு செலவுதான்.

டொம்மை அடிக்கும்போது ஸ்னேர் இரைவது வேறு கதை. உயர்தரப் பௌதிகவியலில் படிக்கிற ‘பரிவு’தான் அது. டொம்மின் அதிர்வு ஸ்னேரின் அடித்தோலையும், அதில் படிந்திருக்கும் கம்பிகளையும் எழுப்பிவிடுகிறது. ரெண்டில் ஒண்டின் சுருதியைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ வைத்தால் குறையும். முழுசாகப் போகாது, போகவும் தேவையில்லை. ஸ்னேரின் உயிரே அந்த இரைச்சல்தானே! மிருதங்க வித்துவான்கள் வலந்தலையில் சின்னச் சின்னக் குச்சி செருகுவதும், கூத்தாடுபவர் காலில் சலங்கை கட்டுவதும் இப்படி ஒரு சத்தத்தைக் கேட்டு வாங்கத்தான். நாம் கூப்பிட்ட இரைச்சல் எது, கூப்பிடாமல் வந்தது எது என்று பிரித்தறியிற காதுதான் முக்கியம். டேப் ஒட்டுகிற கைக்கு அந்தக் காது வராது.

ஆகவே ட்ரம்ஸ் பழக்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் நாள் பிள்ளையின் கையில் குச்சியோடு ட்ரம் கீயையும் குடுங்க. ஒரு பிஸ்கட் டின்னில் துணி, எண்ணெய், ரியூப் துண்டு, பஞ்சு வைத்திருங்க. மாதத்தில் ஒரு நாள் அரை மணித்தியாலம் தாளத்தை விட்டுவிட்டு நட்டுகளைப் பார்க்கட்டும். தன்ட வாத்தியத்தைத் தானே திருத்தத் தெரிந்த பிள்ளை, ஒரு கிர்ர் சத்தத்துக்காக வாசிப்பை நிறுத்தாது.