அம்மப்பாவின் இரண்டு பென்ஸ்

போன ஹாஃப் டேர்ம் விடுமுறை முழுக்க எங்கள் வீட்டில் ஒரே கதை, இரண்டு பென்ஸ் காசுக் கதைதான். மூத்தவனுக்கு இப்ப பதினொரு வயது. யூடியூபில் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு மாடியிலிருந்து ஓடி வந்தான்.

"அம்மா, 1983 இரண்டு பென்ஸ் ஒண்டு ஆயிரம் பவுண் போகுமாம்! அம்மப்பாட்ட இருக்கு. நான் கண்டனான்!"

அவன் கண்டது உண்மைதான். அப்பாவின் வீடு பார்க்கிங்கில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. அவருடைய அலுமாரிக்குள் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அப்பா இருபது வருடத்துக்கு மேல் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை செய்தவர். கல்லாவில் வித்தியாசமான காசு ஏதும் விழுந்தால், தன்ர பொக்கெற்றில் இருந்து அதே பெறுமதிக்குக் காசைப் போட்டுவிட்டு அதை எடுத்து வருவார். பிறகு ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சேல்களில், அட்டையில் அடைத்து வரும் நாணயச் செட்களையும் வாங்கத் தொடங்கினார். அம்மா இருந்த காலத்தில் இதற்காக நல்ல பேச்சு வாங்கியிருக்கிறார்.

நான் சமையலில் நின்றதால் "பிறகு பாப்பம்" என்று சொல்லிவிட்டேன். நான் விட்ட பிழை அதுதான். அவன் பேசாமல் அம்மப்பாவுக்குப் போன் அடித்து, "நீங்கள் பணக்காரர்" என்று சொல்லிவிட்டான். அப்பா அன்று பின்னேரமே சாவகச்சேரிக்குப் போன் எடுத்து, கூரை ஒழுகுகிறது என்று இரண்டு மழைக்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்த மாமியிடம், "ஓட்டை மாத்தத் தொடங்கு, காசு அனுப்பிறன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

இது எனக்கு அடுத்த நாள்தான் தெரியும். தெரிந்ததும் வயிற்றுக்குள் ஏதோ செய்தது. முதலில் அந்த ஆயிரம் பவுண் கதை என்னவென்று தேடிப் பார்த்தேன். கதை பொய்யில்லை. ஆனால் வீடியோவில் சொன்னது பாதிதான்.

பிரித்தானியாவில் 1971 பெப்ரவரி 15 வரைக்கும் ஒரு பவுணுக்கு 240 பென்ஸ். அன்றைக்குத்தான் 100 ஆனது. பழைய பென்ஸையும் புதிய பென்ஸையும் சனம் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, புதுக் காசுகளில் 'நியூ பென்ஸ்' என்று அடித்தார்கள். பதினொரு வருடம் போனபிறகு அது புதுசு இல்லைத்தானே. அதனால் 1982இல் 'நியூ' என்ற சொல்லை எடுத்துவிட்டு, இரண்டு பென்ஸ் காசில் 'டூ பென்ஸ்' என்று மாற்றினார்கள்.

1983இல் புழக்கத்துக்கென்று இரண்டு பென்ஸ் காசு அடிக்கவேயில்லை. சேகரிப்பவர்கள் வாங்கும் செட்களுக்கு மட்டும்தான் அடித்தார்கள். வேல்ஸில் லான்ட்ரிசன்டில் இருக்கும் ரோயல் மின்டில், அப்படி அடித்த காசுகளில் கொஞ்சத்துக்கு 'நியூ பென்ஸ்' என்றிருந்த பழைய அச்சைத் தவறுதலாகப் போட்டுவிட்டார்கள். அந்தப் பிழைக் காசுகள் சில செட்களுக்குள் அடைபட்டு வெளியே போய்விட்டன. இன்றைக்குச் சேகரிப்பவர்கள் அதற்குச் சில நூறு பவுண்கள் கொடுப்பார்கள்.

ஆக, 1983 என்ற வருடம் மட்டும் இருந்தால் போதாது. அதே காசில் 'நியூ பென்ஸ்' என்றும் இருக்கவேண்டும். மறுபக்கம், 'நியூ பென்ஸ்' என்று மட்டும் இருந்தாலும் காணாது. 1971 முதல் 1981 வரை புழக்கத்துக்கு வந்த இரண்டு பென்ஸ் எல்லாவற்றிலும் அந்தச் சொல் உண்டு. அவை இன்றைக்கும் இரண்டு பென்ஸ்தான். அவற்றைத்தான் ஈபேயில் 'அரிய காசு' என்று பெரிய எழுத்தில் போட்டு விற்கப் பார்க்கிறார்கள்.

சனிக்கிழமை காலை மூன்று பேரும் அப்பா வீட்டுக்குப் போனோம். அப்பா சேர்ட் போட்டு, தலை இழுத்து, மேசையில் துவாய் விரித்து டின்னை வைத்திருந்தார். எனக்கு முகம் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மூத்தவன் கையில் கத்தரிக்கோல்.

"வெட்டாதை ராசா," என்றார் அப்பா. "உறைக்குள்ள இருந்தால்தான் அதுக்கு மதிப்பு."

அவர் சொன்னது முழுக்கச் சரி. உறை பிரிக்காத செட் என்றால் காசை ஒருவரும் தொடவில்லை, மாற்றவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. வெளியே எடுத்துவிட்டால் விரல் எண்ணெய் பட்டு வெண்கலத்தில் கறை பிடிக்கும். ஒருமுறை பொலிஷ் போட்டுத் துடைத்துவிட்டால் சேகரிப்பவர் திரும்பியும் பார்க்கமாட்டார். பிளாஸ்டிக்குக்குள்ளால் இரண்டு பக்கமும் தெரிவதால் பிரிக்கத் தேவையும் இல்லை.

1983 செட்டில் எட்டுக் காசு. அரை பென்னியில் இருந்து ஒரு பவுண் வரைக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு பவுண் எண்பத்தெட்டரை பென்ஸ். மூத்தவன் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். இறகுச் சின்னத்துக்குக் கிட்ட இருந்த சொல்லை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தான். அங்கே இருந்தது 'டூ'.

இரண்டாந்தரமும் வாசித்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் வாய் திறக்கவில்லை. போன் அடித்தது அவன், சொல்லவேண்டியதும் அவன்தான் என்று எனக்குப் பட்டது.

"அம்மப்பா, இது நோர்மல் காசு. நான் பிழையாச் சொல்லிப்போட்டன். சொறி."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்கென்ன," என்றார். கொஞ்ச நேரம் போய், "இதை விக்கவெண்டு வாங்கேல்லை ராசா. 83 நவம்பரிலதான் நான் இந்த ஊருக்கு வந்தது. அந்த ஆடிக் கலவரத்துக்குப் பிறகு. வந்த வருஷக் காசு எண்டு வாங்கி வைச்சனான்," என்றார்.

இந்தச் செட்டைச் சின்ன வயதில் இருந்து பார்த்திருக்கிறேன். இது எனக்கும் புதுச் செய்தி.

பிறகு அப்பா ஒவ்வொரு காசாகக் காட்டினார். ஒரு பவுண் காசு அந்த வருடம் ஏப்ரலில்தான் வந்தது. நோட்டைத் தா என்று சனம் கடைகளில் கேட்டு நிற்குமாம். அரை பென்னியை 1984 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். அவர் வந்த புதிதில் மிச்சக் காசாக வாங்கியதை எங்கள் பிள்ளைகள் கண்ணால் கண்டதில்லை.

மற்றச் செட்களையும் பார்த்தோம். 1985 செட்டில் இருந்த ஒரு பென்னியில் மூத்தவனின் கண் நின்றுவிட்டது. கோட்டைக் கதவுச் சின்னத்தில் இருந்து விளிம்பு வரைக்கும் மயிர் அளவில் ஒரு கோடு. "கீறல்," என்றேன் நான். "இல்லை அம்மா, இது மேலுக்கு நிக்குது," என்றான்.

அவன் சொன்னது சரி. காசு வெளியே வந்தபிறகு பட்ட கீறல் என்றால் பள்ளமாக இருக்கும். அடிக்கும் அச்சிலேயே வெடிப்பு விழுந்திருந்தால், உலோகம் அந்த வெடிப்புக்குள் ஏறி, காசில் மேடான கோடாக நிற்கும். முன்னதைச் சேதம் என்போம். பின்னது நாணயச்சாலையின் பிழை. இப்படி மெல்லிய வெடிப்புக் கோட்டுக்குப் பெரிய விலை ஒன்றும் கிடையாது. ஆனால் வீடியோ பார்க்காமல், தன்ர கண்ணால் பார்த்து அவன் பிடித்தது அது. அப்பா எழும்பிப் போய் பேனை எடுத்து வந்து, ஒரு துண்டில் அவன் பெயரையும் திகதியையும் எழுதி அந்தச் செட்டோடு வைத்தார்.

கூரை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். சொன்ன சொல் சொன்னதுதான் என்று அப்பா காசை அனுப்பிவிட்டார். நல்லூர்த் திருவிழாவுக்குப் போக டிக்கெட்டுக்கென்று சேர்த்து வைத்திருந்த காசு அது. நானும் தம்பியும் தருகிறோம் என்றோம், வேண்டாம் என்றார். மூத்தவன் தன்ர பிறந்தநாள் காசில் நாற்பது பவுணைக் கொண்டுபோய் நீட்டினான். அப்பா அதை மட்டும் வாங்கிக்கொண்டார். நான் மறிக்கவில்லை.

எங்கட பிள்ளைகளுக்கு இணையத்தில் பார்க்கிற ஒரு தொகை வெறும் விளையாட்டு. ஊரில் உறவு வைத்திருக்கிற அப்பா அம்மாவுக்கு அதே தொகை ஒரு கூரை, ஒரு மோட்டர், ஒரு பிள்ளையின் படிப்பு. நடுவில் நிற்கிறது நாங்கள். "பிறகு பாப்பம்" என்று சொல்லாமல், அன்றைக்கே பிள்ளையோடு இருந்து அந்தக் காசை ஒருமுறை வாசித்துப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

உங்கட வீட்டிலும் இப்படி ஒரு டின் இருந்தால், முதலில் வருடத்தையும் சொல்லையும் சேர்த்து வாசியுங்கள். உறையைப் பிரிக்காதீர்கள், துடைக்காதீர்கள். ஒரு காந்தத்தை வெளியில் பிடித்துப் பாருங்கள். 1992க்கு முந்திய இரண்டு பென்ஸ் வெண்கலம், ஒட்டாது. கோடு தெரிந்தால் பள்ளமா மேடா என்று பாருங்கள். விற்க நினைத்தால் ஈபேயில் கேட்கும் விலையைப் பார்க்காமல், உண்மையில் விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள்.

அதோடு, அந்தச் செட்டை ஏன் வாங்கினீர்கள் என்று அப்பாவிடம் ஒருக்கால் கேளுங்கள். நான் கேட்க முப்பது வருடத்துக்கு மேல் போய்விட்டது.