யாழுக்கு ஒரு பட்டறை வேண்டும்

மட்டக்களப்பில் பியானோ வைத்திருப்பது பொல்லாத வேலை. மாரியில் கட்டைகள் ஊதி, அழுத்தினால் மேலே வராது. கச்சான் காற்று வீசும்போது பலகை வெடிக்கும். வாவியின் உப்புக்குக் கம்பி துருப்பிடிக்கும். சுத்தியல் தலையிலுள்ள கம்பளியைப் பூச்சி அரிக்கும். பறங்கியர் வீடுகளில் கிடந்த பழைய பியானோக்களைத் திருத்த என்னைக் கூப்பிடுவார்கள். நான் தச்சுவேலை செய்யும் ஓடாவி, வித்துவான் இல்லை. சுருதி சேர்க்க வேறு ஆள் வரவேண்டும். ஆனால் மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பதில் முக்கால்வாசி எங்கள் தொழில்தான்.

பியானோவை முதலில் செய்தவரும் பட்டறைக்காரர். 1655இல் பாதுவாவில் பிறந்த பார்தொலோமியோ கிறிஸ்தோபோரி, புளோரன்சில் மெடிசி இளவரசரின் இசைக்கருவிகளைப் பராமரித்தவர். அக்காலத்து ஹார்ப்சிகோர்ட் கம்பியைச் சுண்டி ஒலிக்கும். மெல்லத் தொட்டாலும் ஓங்கி அழுத்தினாலும் சத்தம் ஒன்றுதான். கிறிஸ்தோபோரி கம்பியைச் சுத்தியலால் அடிக்க வைத்தார். சொல்வது லேசு. அடித்த சுத்தியல் கம்பியிலேயே நின்றால் ஓசை செத்துவிடும். விரல் கட்டையை அழுத்தியிருக்கும்போதே அது கழன்று விழவேண்டும். அதற்காக அவர் செதுக்கிய சின்ன மரத்துண்டில்தான் பியானோவின் உயிர் இருக்கிறது. 1700ஆம் ஆண்டு அரண்மனைப் பட்டியலில் அந்தக் கருவி பதிவாகியிருக்கிறது. அவர் செய்த பியானோக்களில் 3 எஞ்சியுள்ளன. 1720இல் செய்த மூத்தது நியூயோர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1711இல் மஃபேய் என்ற எழுத்தாளர் கிறிஸ்தோபோரி கருவியின் உள்ளமைப்பைப் படத்தோடு எழுதினார். 1725இல் அந்தக் கட்டுரை ஜேர்மன் மொழியிலும் வந்தது. சாக்சனியில் ஓர்கன் செய்துவந்த சில்பர்மான் 1730களில் பியானோவும் செய்தார். இசையமைப்பாளர் பாக் வாசித்துப் பார்த்து, மேல் சுரங்கள் மெலிவு, கட்டை பாரம் என்று சொல்லிவிட்டார். சில்பர்மானுக்குக் கோபம். (எனக்கும் வந்திருக்கும்.) ஆனாலும் ஆண்டுக்கணக்கில் இழைத்து இழைத்துத் திருத்தினார். பாக்கும் பிறகு ஒத்துக்கொண்டார். 1747இல் பொட்ஸ்டாம் அரண்மனையில் சில்பர்மான் பியானோக்களில்தான் வாசித்தார்.

அதற்குச் சரியாக 200 ஆண்டு கழித்து, 1947 ஜூனில், எங்கள் காரைதீவு விபுலானந்த அடிகளின் ‘யாழ்நூல்’ திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் அரங்கேறியது. ஜூலை 19இல் அடிகள் மறைந்துவிட்டார். விஞ்ஞானம் படித்த மனிதர். நரம்புகளின் சுருதியைக் கணக்குப் போட்டு, வழக்கொழிந்த யாழ்களுக்கு உருவம் கொடுத்தார். மஃபேயைவிடப் பெரிய ஆள் எங்களுக்குக் கிடைத்தார். கிடைக்காதது சில்பர்மான்.

சென்னையில் தருண் சேகர் என்ற இளைஞர் யாழ் செய்து வாசித்தும் காட்டுகிறார். இங்கே யாழைச் சின்னமாகவும் மேடை அலங்காரமாகவும்தான் அதிகம் பார்க்கிறேன். தெர்மாகோலில் வெட்டிய யாழுக்கு நரம்பு எதற்கு?

கல்லடியில் அடிகளின் பெயரிலேயே அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே ஒரு பட்டறை போடுங்கள். தச்சு மேசை, சீவுளி, நன்றாகக் காய்ந்த பலாப்பலகை போதும், தொடங்கலாம். ஓடாவியை விழாவுக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்த வேண்டாம், சம்பளத்துக்கு வையுங்கள். முதல் யாழ் நன்றாக இராது. வித்துவான் அதை முகத்துக்கு நேரே சொல்லட்டும், நாங்கள் கோபித்துக்கொண்டே இரண்டாவதைச் செய்கிறோம்.