கதவைத் தட்டுவோம்: படப்பையிலிருந்து ஒரு கொள்கைப் பிரகடனம்

படப்பையிலும் ஒரகடம் போகும் சாலையோரத்து வாடகைக் குடியிருப்புகளிலும் வாழும் நாங்கள், பெண்களும் ஆண்களுமாகச் சேர்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். "புருஷன் பொண்டாட்டி சண்டை, நமக்கெதுக்கு வம்பு" என்று இனி எங்களில் ஒருவரும் சொல்லமாட்டோம்.

லைன் வீடுகளில் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே இருப்பது ஒரே சுவர். அடி விழுவது கேட்கும், பிள்ளை வீறிடுவது கேட்கும். இந்தப் பக்கத்தில் டி.வி. சத்தம் கூடும். காலையில் குழாயடியில் அவள் கண்ணோரம் கன்றிப்போயிருக்கும். "வழுக்கி விழுந்துட்டேன்க்கா" என்பாள். நம்பியதுபோல் தலையாட்டிவிட்டுக் குடத்தைத் தூக்குவோம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். அவர்களுக்கும் அக்கம்பக்கம் இருந்திருக்கும்.

குடியைக் காரணம் காட்டுவதை நாங்கள் ஏற்கவில்லை. குடித்துவிட்டு வருகிறவன் ஹவுஸ் ஓனரை அடிப்பதில்லை, மேஸ்திரியை அடிப்பதில்லை. திருப்பி அடிக்கமாட்டாள் என்று தெரிந்தவளைத்தான் அடிக்கிறான்.

2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு பக்கத்து வீட்டுக்காரர்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னதற்காக அவர்மேல் வழக்குப் போட முடியாது. பிறகு நாம் எதற்குப் பயப்பட வேண்டும்?

2008-இல் 'பெல் பஜாவோ' என்ற பிரசாரம் இதைத்தான் கேட்டது: அடி சத்தம் கேட்டால் அந்த வீட்டு அழைப்பு மணியை அடியுங்கள். நாங்களும் கதவைத் தட்டுவோம். "மோட்டார் போட்டாச்சா?" என்று கேட்டாலும் போதும், ஓங்கிய கை ஒரு நிமிடம் நிற்கும். தனியாகப் போகமாட்டோம். அவன் கையில் கத்தி, கட்டை என்றால் முதலில் அவசர உதவி எண் 112-க்குப் போன் போகும்.

வெளியேறுவதா, இருப்பதா என்பதை அவளே முடிவு செய்வாள். வெளியேறும் நேரம்தான் பெரும்பாலும் ஆபத்தான நேரம் என்பதால் அவசரப்படுத்தமாட்டோம். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல்களை எங்கள் வீட்டில் பத்திரமாக வைத்திருப்போம். அவள் போனை அவன் நோண்டுவான் என்றால் எங்கள் போனிலிருந்து பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கட்டும். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகத் தங்குமிடம், சிகிச்சை, வக்கீல் உதவி மூன்றும் கிடைக்கும். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்குச் சட்ட உதவி இலவசம், அதற்கு அழைக்க வேண்டிய எண் 15100. கையில் காசில்லாவிட்டாலும், பெண்களுக்கு இலவசமான சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் ஏறித் தாம்பரம் போய்விடலாம்.

"வீடு என் அம்மா பேர்ல இருக்கு, வெளிய போ" என்று மிரட்டுகிறவர்களுக்கு ஒரு செய்தி. சேர்ந்து வாழ்ந்த வீடு மாமனார், மாமியார் பெயரில் இருப்பதால் மட்டும் மருமகளின் குடியிருக்கும் உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 15-ஆம் தேதி தீர்ப்பளித்துவிட்டது. அடிக்கிற கணவனையே வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. பிறந்த வீட்டுக்கு வந்து தங்கியிருந்தாலும் அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம்.

காவல் நிலையங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது கூடத் தராமல், "அனுசரிச்சுப் போம்மா" என்று அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். அப்படி அனுப்பினால் மறுநாள் அவளோடு பத்துப் பேராக வந்து நிற்போம்.

கடைசியாக, படப்பையில் வீடு வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். "தினமும் சண்டை, காலி பண்ணுங்க" என்று சொல்லும்போது அவனோடு சேர்த்து அவளையும் பிள்ளைகளையும் தெருவில் நிறுத்துகிறீர்கள். அவனை வெளியே அனுப்பிவிட்டு அவள் தங்க நினைத்தால், வாடகை ஒப்பந்தத்தை அவள் பெயருக்கு எழுதிக்கொடுங்கள்.