உடன்பிறந்தார் துயருக்கு உரிமை இல்லையோ?

“தம்பி உடையான் படைக்கு அஞ்சான்” என்பது நம்மவர் பழமொழி. அதனைச் சொல்லிச் சொல்லிப் பெருமை கொண்ட நாம், அந்தத் தம்பியைப் படையே கொண்டுபோய்விட்டால் அண்ணன் கதி யாது, அக்காள் கதி யாது என்று ஒரு நாளேனும் கேட்டதுண்டா? போரில் மகனை இழந்த தாய்க்குப் பாட்டு உண்டு. கணவனை இழந்தவளுக்குச் சட்டம் உண்டு. தந்தையை இழந்த குழந்தைக்கு உபகாரச் சம்பளம் உண்டு. உடன்பிறந்தானை இழந்தவனுக்கு என்ன உண்டு? “அம்மாவைத் தேற்று, அப்பாவுக்குத் துணையாயிரு” என்னும் உபதேசம் ஒன்றே உண்டு. அன்பின் வேடம் பூண்டு வரும் அநீதி இவ்வுபதேசம் என்பதே யான் இங்குக் கூற வந்தது.

தோட்டத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்குப் படிவங்களின் குணம் நன்கு தெரியும். “நெருங்கிய உறவினர்” என்று ஒரு வரி இருக்கும். ஒரு வரியில் ஒரு பெயர்தான் எழுதலாகும். மணமானவனாயின் மனைவி பெயர். மணமாகாதவனாயின் தாய் அல்லது தந்தை பெயர். செய்தி அனுப்புவதற்கும் பணம் செலுத்துவதற்கும் ஒரு பெயர் போதும் என்பதால் அவ்வரி ஏற்பட்டது. அது கணக்குக்காக ஏற்பட்டதேயன்றித் துக்கத்துக்காக ஏற்பட்டதன்று. ஆயினும் உலகம் அந்த ஒற்றை வரியையே துக்கத்தின் எல்லையாகவும் கொண்டுவிட்டது. வரியில் பெயரில்லாதவன் அழுதால், “உனக்கேன் இவ்வளவு?” என்று கேட்கவும் துணிந்துவிட்டது.

வீண் வார்த்தையன்று, சரித்திரம் காண்போம். அமெரிக்காவில் அயோவா மாகாணத்து வாட்டர்லூ நகரில் சல்லிவன் என்றொரு ரயில்வே தொழிலாளியின் குடும்பம். ஜார்ஜ், பிரான்சிஸ், ஜோசப், மாடிசன், ஆல்பர்ட் என ஆண் மக்கள் ஐவர். முத்துத் துறைமுகத் தாக்குதலில் நண்பன் ஒருவன் மாண்டதைக் கேட்டு, ஐவரும் 1942 ஜனவரியில் கடற்படையிற் சேர்ந்தனர். ஒரே கப்பலில் இருப்போம் என்றனர்; கடற்படையும் இசைந்தது. அவ்வாண்டு நவம்பர் 13-ஆம் நாள் குவாடல்கனால் தீவுக்கருகே ‘ஜுனோ’ என்னும் அக்கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. மாண்டோர் ஏறத்தாழ 690 பேர். கடலில் உயிரோடு மிதந்தவர் நூற்றுக்கும் மேற்பட்டோர். நாட்கணக்கில் உதவி வராமையால் இறுதியில் மீட்கப்பட்டோர் பதின்மரே. தம்பியர் நால்வரையும் இழந்த ஜார்ஜ் சில நாட்கள் மிதவையில் உயிர் வைத்திருந்து, பின்னர் அவனும் கடலோடு போனான்.

கப்பல் மூழ்கிய செய்தியைச் சர்க்கார் மறைத்து வைத்திருந்தது. ஊரில் வதந்தி பரவியதால், தாய் அலெட்டா தானே கடற்படைக்குக் கடிதம் எழுதி உண்மை கேட்க நேர்ந்தது. 1943 ஜனவரி 12-ஆம் நாள் காலையிலேதான் அதிகாரிகள் வீட்டு வாயிலுக்கு வந்தனர். அதன் பின் நடந்ததை உற்றுநோக்குங்கள். ஐவர் முகமும் சுவரொட்டியில் ஏறின. “இவர்கள் தம் கடமையைச் செய்தனர்” என்னும் கருத்துப்பட வாசகம் பொறிக்கப்பட்டது. பெற்றோர் இருவரும் ஆலை ஆலையாக அழைத்துச் செல்லப்பட்டு, உற்பத்தியைப் பெருக்குமாறு தொழிலாளரிடம் பேசினர். 1943 ஏப்ரலில் அவர்தம் பெயரால் ஒரு போர்க்கப்பல் கடலில் இறக்கப்பட்டது. 1944-இல் சினிமாப் படமும் வந்தது.

அவ்வீட்டில் இன்னொருத்தி இருந்தாள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஜெனவீவ் என்பது அவள் பெயர். ஐவர்க்கும் ஒரே சகோதரி. இருவர்க்குத் தங்கை, மூவர்க்கு அக்காள். மூன்று சிறுவரின் கை பிடித்து வளர்த்தவளும், இரண்டு அண்ணன்மார் நிழலில் வளர்ந்தவளும் அவளே. ஒரே நாளில் அவளுடைய இளமை முழுவதற்கும் சாட்சி இல்லாது போயிற்று. அவளுக்கு உலகம் கொடுத்ததென்ன? கடற்படை மகளிர் பிரிவின் உடை ஒன்று. 1943-இல் அவள் அதிற் சேர்ந்தாள். ஆள் சேர்க்கும் பணியில் அமர்த்தப்பட்டாள். அண்ணன் தம்பிமாரைக் கொண்டுபோன படைக்கு வேறு வீட்டு மக்களை அழைப்பது அவள் வேலையாயிற்று. அவள் மனமுவந்தே சென்றிருக்கலாம். அவளை யான் குறை கூறேன். துக்கத்தை வைக்க வேறு இடம் கொடாமல், ஆள் சேர்க்கும் மேடை ஒன்றையே கொடுத்த சமூகத்தைத்தான் குறை கூறுகின்றேன்.

“அது அமெரிக்கா, யுத்த காலம், அப்படித்தான் நடக்கும்” என்பார் சிலர். நன்று. யுத்தம் இல்லாத காலத்தையும் பார்ப்போம். முதல் உலக யுத்தத்தில் மாண்டு ஐரோப்பாவில் அடக்கமானவரின் கல்லறைகளைக் காண, 1930 முதல் 1933 வரை அமெரிக்க சர்க்கார் 6,000-க்கும் மேற்பட்ட பெண்களைத் தன் செலவில் கப்பலேற்றி அனுப்பிற்று. யார் அப்பெண்கள்? தாய்மார், மறுமணம் செய்யாத கைம்பெண்கள். சகோதரிக்கு அக்கப்பலில் இடமில்லை. நீக்ரோத் தாய்மாரை வேறு கப்பலில் ஏற்றிய நிறவெறியும் அதே பயணத்தில்தான் நடந்தது. துக்கத்துக்கும் வரிசை வகுப்போர் மற்றெல்லா வரிசைகளையும் வகுக்கத் தயங்கார் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி ஓர் ஊரின் கதை. வர்ஜீனியா மாகாணத்துப் பெட்ஃபோர்ட் சிற்றூரில் அன்று ஏறத்தாழ 3,000 பேர் வாழ்ந்தனர். 1944 ஜூன் 6-ஆம் நாள் நார்மண்டிக் கரையில் இறங்கிய முதற் படையில் அவ்வூர் இளைஞர் பலர் ஒரே அணியில் இருந்தனர். அன்று ஒரு நாளில் மட்டும் ஏறத்தாழ 20 பேர் மாண்டனர். ஒரு மாதத்துக்கு மேல் செய்தியில்லை. ஜூலை 17-ஆம் நாள் மருந்துக்கடையிலிருந்த தந்தியலுவலகத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தந்திகள் வந்தன. ஹோபாக் குடும்பத்தில் பெட்ஃபோர்ட், ரேமண்ட் என்ற சகோதரர் இருவரும் போயினர். ரேமண்டின் உடல் கிடைக்கவேயில்லை. அவனுடைய பைபிள் மட்டும் கடற்கரை மணலில் வேறொரு சிப்பாயின் கண்ணிற்பட்டு, வீடு வந்து சேர்ந்தது.

அவ்வீட்டில் லூசில் என்றொரு தங்கை, அன்று பதின்வயதுச் சிறுமி. பிற்காலத்தில் அவர் அம்மாவட்ட ஆட்சிக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற முதற் பெண்மணியானார். அண்ணன்மார் கதையை அவரே பல்லாண்டு ஊராருக்கும் இளைஞருக்கும் எடுத்துரைத்தார். 2001 ஜூன் 6-ஆம் நாள் அதே பெட்ஃபோர்டில் தேசிய நினைவிடம் திறக்கப்பட்டது. இதிலிருந்து நாம் அறிவதென்ன? தாய் தந்தையர் துயரம் அவர்தம் ஆயுளோடு முடிகின்றது. உடன்பிறந்தார் துயரமோ அதன் பின்னும் முப்பது, நாற்பது, ஐம்பது ஆண்டு நடக்கின்றது. நீண்ட வழி நடப்பவனுக்கன்றோ கைத்தடி வேண்டும்? நாமோ அவன் கையிலிருப்பதையும் வாங்கிப் பெற்றோரிடம் கொடுக்கின்றோம்.

அதே ஊரில் ரோய் ஸ்டீவன்ஸ், ரே ஸ்டீவன்ஸ் என்ற இரட்டையர் இருந்தனர். கரையிறங்குமுன் ரே கை நீட்டினான். “கரையேறி ஊர்ச் சந்திப்பில் கை கொடுப்போம்” என்று ரோய் மறுத்துவிட்டான். ரோய் சென்ற படகு வழியில் மூழ்கியதால் அவன் இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டான். சில நாள் கழித்து நார்மண்டிக்கு மீண்டவன், புதைகுழிகளின் இடையே தன் இரட்டைப் பிறவியின் பெயரைக் கண்டான். கொடாத அந்தக் கையைப் பற்றி அவர் முதுமையிலும் பேசினார். இத்துயரத்துக்குப் பெயர் என்ன? உபகாரச் சம்பளத்தில் இதற்கு எத்தனை காசு? எந்தப் படிவத்தின் எந்த வரியில் இதனை எழுதுவது?

“சட்டம் சகோதரரை மறந்துவிடவில்லையே, ஒரே மகன் மிஞ்சினால் அவனைப் போருக்கு அழையாத விதி உண்டே” என்று படித்தோர் சிலர் எதிருரைக்கக் கூடும். உண்டு. 1948-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தில் அவ்விதி இடம்பெற்றது. அதற்கு முன்னரும் யூட்டா மாகாணத்து போர்க்ஸ்ட்ரம் குடும்பத்தில் 1944-ஆம் ஆண்டிலே ஆறு மாதத்துக்குள் நால்வர் மாண்டபின், ஐந்தாமவன் படையிலிருந்து விடுவிக்கப்பட்டான். அவ்விதியை யான் வரவேற்கின்றேன். ஆனால் அதன் உட்கருத்தை நோக்குமின். அது பெற்றோர்க்கு ஒரு பிள்ளையை மிச்சம் வைப்பது. குலத்துக்கு ஒரு விளக்கை மிச்சம் வைப்பது. மிஞ்சியவன் நால்வரை இழந்தவன் என்பதைப் பற்றி அது பேசவில்லை. நால்வரின் இடத்தையும் தான் ஒருவனே நிரப்ப வேண்டும் என்ற சுமையோடு அவன் வீடு திரும்புகின்றான். உயிர் பிழைத்ததே குற்றம் என எண்ணும் மனநோய் இவ்விடத்திலேதான் பிறக்கின்றது.

நம் இலக்கியப் பெருமை பேசுவோர்க்கும் ஒரு வார்த்தை. புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய பெண்ணை மேடைதோறும் புகழ்கின்றோம். முதல் நாள் போரில் ஒருவனை இழந்தாள். அடுத்த நாள் கணவனை இழந்தாள். பின்னும் பறையொலி கேட்டுச் சிறு மகனை அனுப்பினாள். முதலில் மாண்டவன் அவள் தந்தையா தமையனா என்பதில் உரைகாரர் வேறுபடுவர். அவன் அண்ணனாயின், அவனுக்காக அவள் அழுதாளா என்று எந்தப் பேச்சாளராவது கேட்டதுண்டா? அவசரம், அடுத்தவனை அனுப்பும் அவசரம்! இலக்குவன் களத்தில் வீழ்ந்தபோது இராமன் புலம்பிய கட்டத்தைக் கதாகாலட்சேபத்தில் கேட்டுக் கண்ணீர் உகுக்கும் பெரியவர், அண்டை வீட்டுப் பையன் தம்பியை இழந்து தேம்பினால், “ஆண்பிள்ளை அழலாமா? அம்மா மனம் உடைந்துவிடும்” என்று அதட்டுகின்றார். அவதாரம் அழலாம்; அண்டை வீட்டான் அழலாகாது. என்னே இந்த நியாயம்!

பெண்ணுக்கோ இன்னும் கொடுமை. சகோதரனை இழந்தவள் மணமானவளாயின், “நீ வேறு வீட்டாள்” என்பர். மணமாகாதவளாயின், “உன் காரியம் தடைபடும், கண்ணைத் துடை” என்பர். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அழ இடமற்றவள் அடுப்பங்கரைப் புகையிலே அழுது தீர்க்கின்றாள். பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்கும் நாம் கண்ணீருரிமையும் கேட்டாக வேண்டும்.

“தாயின் துயரத்துக்கு நிகர் உண்டோ?” என்று கேட்டு எம்மை மடக்க நினைப்போர் உண்டு. நிகர் உண்டென்று யாம் கூறவில்லை. துயரத்தை நிறுத்துப் பார்க்காதீர் என்றே கூறுகின்றோம். நஷ்டஈட்டுப் பணத்துக்கு வரிசை வேண்டும், ஒப்புக்கொள்கின்றேன். மனைவி, மக்கள், பெற்றோர் என்று அது முறையே போகட்டும். பணம் பங்கிடக் குறைவது. அனுதாபம் பங்கிடக் குறையாதது. குறையாத பொருளைக் குறையும் பொருள்போல் அளந்து கொடுப்பது கணக்குமன்று, கருணையுமன்று.

இவையெல்லாம் கடல் கடந்த கதைகள் என்று இங்குள்ளோர் ஒதுக்கற்க. சிங்கப்பூரில் கிராஞ்சிக்குச் செல்லுங்கள், தைப்பிங்குக்குச் செல்லுங்கள். கிராஞ்சியில் 4,400-க்கு மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. கல்லறையற்றோர் பெயர்கள் 24,000-க்கு மேல் சுவர்களிற் பொறிக்கப்பட்டுள்ளன. கல்லறைக் கல்லின் அடியில் உறவினர் விரும்பினால் ஒரு சிறு வாசகம் பொறிக்க இடந்தரப்பட்டது. அச்சிறு இடத்திலும் சில குடும்பத்தார் பெற்றோரோடு அண்ணன் தம்பி அக்காள் தங்கையரையும் சேர்த்து எழுதினர். சர்க்கார் கொடுத்த ஒற்றை வரியில் வீட்டார் அனைவரையும் நுழைத்துவிட்டனர். எளிய குடும்பத்தார் செய்த அப்பெருஞ் செயலைக் கண்டு படித்தோர் நாணுவாராக. சுவரிலுள்ள இந்தியச் சிப்பாய்களின் உடன்பிறந்தாரோ இச்சுவரைக் காணாமலே மறைந்தவர் பலர். அவர்க்கு அச்சிறு வாசகமும் கிடைத்ததில்லை.

மாற்றம் வாராமலில்லை. அமெரிக்காவில் 1947-இல் சட்டமான பொன் நட்சத்திரச் சின்னத்தை உடன்பிறந்தாரும் பெறுதற்கு உரியர். 1994-இல் தோன்றிய ‘டேப்ஸ்’ என்னும் சங்கம் உடன்பிறந்தார்க்கெனவே ஆறுதற் கூட்டங்கள் நடத்துகின்றது. அங்கே முடிந்தது பிற நாடுகளில் ஏன் முடியாது?

ஆதலின் யாம் கேட்பவை இவை. படைக்கு ஆளெடுக்கும் எந்த நாடும் உடன்பிறந்தார் பெயர்களையும் பதிவேட்டில் எழுதுக. சாவுச் செய்தி பெற்றோர் வாய் வழியாக மட்டுமின்றி அவர்க்கும் நேரே சேர்க. எங்கே, எவ்வாறு இறந்தான் என்ற உண்மையைக் கேட்கும் உரிமை அவர்க்கும் உண்டாகுக. அவர்தம் முகத்தை ஆள் சேர்க்கும் சுவரொட்டியில் ஒட்டாதொழிக. நினைவு நாளில் தாய்க்கு இடும் நாற்காலியின் பக்கத்தில் தங்கைக்கும் ஒரு நாற்காலி இடுக.

சர்க்கார் செய்யுமட்டும் நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. துக்க வீட்டுக்குச் செல்லும் வாசகரே! நடுக்கூடத்திலிருக்கும் தாயை வணங்கியபின், வாயிலில் வந்தோர்க்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டு நிற்கும் இளைஞனிடம் செல்லுங்கள். அவன்தான் அண்ணன். “அம்மாவைப் பார்த்துக்கொள்” என்று சொல்லிவிட்டுத் திரும்பாதீர். அவன் கையிலுள்ள நாற்காலியை வாங்கிப் போட்டு, அவனை அதில் உட்காரச் செய்து, அவன் தம்பியைப் பற்றிக் கேளுங்கள்.